நம்பர் தெரியுங்களா?

எங்கள் ஊரில் 38 சென்ட் காடு ஒன்று இருக்கிறது. காடு என்றதும் மரமும் மிருகமும் நினைக்க வேண்டாம், ஈரோட்டுப் பக்கம் மானாவாரி நிலத்தை அப்படித்தான் சொல்வோம். இரண்டு பக்கமும் வேலி வைத்த வண்டித்தடமான இட்டேரியை ஒட்டி, கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு வேப்பமரமும் நாலு பனையும் நிற்கும் துண்டு. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது சைக்கிள் முன்கம்பியில் உட்கார்ந்து அந்த வழியாகப் போகையில் பெரியப்பா தினமும் கையை நீட்டிக் காட்டுவார். "அதோ, அந்தப் பனமரம் வரைக்கும் நம்முது. யு.டி.ஆர். வந்தப்ப கணக்குப்பிள்ளைய கைக்குள்ள போட்டுக்கிட்டு எழுதிக்கிட்டானுங்க." அது நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த அரசுத் திட்டம் என்று தெரியாமல், யு.டி.ஆர். என்றால் ஏதோ திருடன் பெயர் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுதிக்கொண்டதாகச் சொல்லப்பட்டவர்கள் வேறு யாரும் இல்லை, பங்காளிகள்தான். இரண்டு தலைமுறை முன்னால் ஒரே வாசலில் இருந்தவர்கள். இந்த 38 சென்ட்டால் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நாற்பது வருடமாகப் பேச்சு இல்லை. கல்யாணப் பத்திரிகையை வேறு யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள், நாங்களும் அப்படியே. எழவு வீட்டுக்கு மட்டும் போவோம், போனால் பந்தலுக்கு வெளியே நின்றுவிட்டு வந்துவிடுவோம். அந்தத் துண்டின் மதிப்பு இன்றைக்கு என்னவோ, அதன் பெயரால் சாப்பிடாமல் விட்ட விருந்துச் சாப்பாட்டைக் கணக்குப் போட்டால் அது அதிகமாக இருக்கும்.

போன வருடம் பெரியப்பாவுக்கு 78 முடிந்தது. "என் கண்ணு மூடறதுக்குள்ள அந்த ரெக்கார்டைக் கண்டுபுடிச்சுக் குடுத்துரு. நீ கம்ப்யூட்டர்ல வேலை செய்யறவன், உனக்கென்ன" என்றார். நானும் அரைநாள் வேலை என்றுதான் நினைத்தேன். பட்டா இணையத்தில் இருக்கிறது, வில்லங்கம் இணையத்தில் இருக்கிறது, தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, அப்புறம் என்ன? அந்த அரைநாள் பதினோரு மாதம் ஓடியது. இந்தக் கட்டுரை அந்த பதினோரு மாதத்தைப் பற்றி. நிலத்தைப் பற்றி என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

நிலப் பதிவேடுகளுக்கான அரசுத் தளத்துக்கு 'எங்கிருந்தும் எந்நேரமும்' என்று நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள். மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்ததும் அது கேட்கும் முதல் கேள்வி: பட்டா எண்ணா, புல எண்ணா? பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். "அந்தக் காட்டு சர்வே நம்பர் என்னங்க பெரியப்பா?" "நம்பரா? இட்டேரிக்காடுன்னு போடு, வரும்" என்றார். அவர் கேலி பேசவில்லை. எழுபது வருடமாக அந்த நிலத்துக்கு அதுதான் பெயர். எங்கள் ஊரில் ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் உண்டு: இட்டேரிக்காடு, ஓடைக்காடு, பாழிக்குழி, நாயன் கொடுத்தது, மேச்சேரி. எந்தப் பதிவேட்டிலும் இந்தப் பெயர்கள் இல்லை. பதிவேட்டில் இருக்கும் எண்கள் ஊரில் யார் வாயிலும் இல்லை. நிலம் ஒன்றுதான், ஆனால் ஊரும் தாலுகா ஆபீசும் அதை வேறு வேறு பாஷையில் கூப்பிடுகின்றன. நடுவில் மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ஊர் நிலக் கணக்கை எழுதிவந்த பழைய கணக்குப்பிள்ளை. அவரைப் பற்றிப் பிறகு.

எப்படியோ பக்கத்துத் துண்டுகளின் பட்டாவை வைத்து, புலப்படத்தில் ஓடை வளையும் இடத்தைப் பார்த்து, கிளுவை வேலியை விரலால் தடவிக்கொண்டே போய் எண்ணைக் கண்டுபிடித்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்று இங்கே மாற்றித்தான் சொல்கிறேன், 214/2பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்து நிலங்களை எண் வாரியாகப் பட்டியலிடும் 'அ' பதிவேட்டில் ஒரு வரி வந்தது. பு என்று போட்டிருந்தது, அதாவது புஞ்சை. மண் வயனமும் தரமும் ஒரு கட்டத்தில், பரப்பு 0.15.5 ஹெக்டேர், தீர்வை சில பைசாக்களில். கடைசிக் கட்டத்தில் பங்காளி வீட்டுத் தாத்தாவின் பெயர். பெரியப்பா நாற்பது வருடம் கையை நீட்டிக் காட்டிய அநியாயம் முழுவதும் ஒரு வரி, எட்டுக் கட்டம்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே

அந்த வரிக்கு முந்தைய வரி எனக்குத் தேவை, யு.டி.ஆருக்கு முன்னால் அந்தக் கட்டத்தில் யார் பெயர் இருந்தது என்று. கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனேன். சின்ன வயதுப் பெண், தென்மாவட்டத்துக்காரர், இரண்டு கிராமத்துக்கும் சேர்த்து அவர் ஒருவர்தான். அன்றைக்கு ரேஷன் கார்டு, முதியோர் உதவித்தொகை, ஆடு செத்ததற்கு ஒரு சான்று என்று கூட்டம். பொறுமையாகத்தான் பேசினார். "பழைய 'அ' பதிவேடு எங்கிட்ட இல்லீங்க சார், தாலுகாலதான் இருக்கணும். எதுக்குக் கேக்கறீங்க?" சும்மா, பார்க்கத்தான் என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பக்கத்தில் பெஞ்சில் தலையாரி உட்கார்ந்து பீடிக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து பேக்கரிக்கு வர கால்மணி நேரம். டீ மாஸ்டர் கிளாசை வைத்துக்கொண்டே, "என்னங்க, இட்டேரிக்காட்டுக்குக் கேஸ் போடறீங்களாமா?" என்றார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 6(2) என்று ஒரு பிரிவு இருக்கிறது. தகவல் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. சட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த வரி அது. நகரத்தில் அந்த வரி உண்மை. அங்கே நான் யாரென்று கவுன்டரில் இருப்பவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இருக்காது. ஆனால் முந்நூறு வீடு இருக்கும் ஊரில் ஓர் ஆவணத்தைக் கேட்பதே ஒரு செய்தி. நீ எதைக் கேட்டாய் என்பதிலிருந்து எதற்குக் கேட்டாய், யாரைச் சந்தேகப்படுகிறாய், உன்னைத் தூண்டிவிட்டது யார் என்பது வரை பேக்கரியே எழுதிவிடும். பஞ்சாயத்துத் தீர்மானப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால், கணக்கைப் பார்க்க வந்தான் என்று எங்கள் ஊரில் சொல்ல மாட்டார்கள், தலைவரோடு என்ன தகராறு என்றுதான் கேட்பார்கள். அதனாலேயே யாரும் கேட்பதில்லை. சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு, வாசலில் நிற்பவனை ஊரே பார்க்கிறது என்பதால், மூடினமாதிரியே இருக்கிறது. அன்று ராத்திரி பங்காளி வீட்டில் திண்ணை விளக்கு வெகுநேரம் எரிந்தது. என் தேடல் அவர்கள் வீட்டுக்குள் என்ன செய்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை, ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பில் இருந்தேன்.

சரி, தபாலில் போவோம் என்று பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி தாலுகா அலுவலகத்துக்கு மனுப் போட்டேன். இந்த உரிமைக்குத் தமிழ்நாடு 1997லேயே மாநிலச் சட்டம் கொண்டுவந்தது, இந்தியாவிலேயே முதலில். அதில் எத்தனை பேர் எத்தனை ஆவணம் வாங்கினார்கள் என்பது வேறு விஷயம். 30 நாளைக்குள் பதில் தர வேண்டும், எனக்கு 29ஆம் நாள் வந்தது. தாங்கள் கோரும் பக்கம் சிதிலமடைந்துள்ளதால் நகல் வழங்க இயலவில்லை என்று ஒரே வரி. நேரில் பார்க்கிறேன் என்று மறுபடி எழுதினேன், அதற்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. பார்த்தேன். பொய் சொல்லவில்லை. பழுப்பு அட்டைக்குள் ஒட்டிக்கொண்டு அப்பளம் மாதிரி இருந்த தாள்கள், செல் அரித்து 209க்கு அப்புறம் நேரே 221. அந்த ஓட்டை வழியே அடியில் இருந்த மேசையின் பச்சை நிறம் தெரிந்தது. "இதை விட்டா ஏதாச்சும்…" என்று இழுத்தேன். ரெக்கார்டு ரூம் உதவியாளர், "கணக்குப்பிள்ளை வீட்ல கேட்டுப் பாருங்க, சில பேர் கைப்படி வெச்சிருப்பாங்க" என்றார். அரசு ஆவணக் காப்பறையில் உட்கார்ந்துகொண்டு அரசு ஊழியர் எனக்குச் சொன்ன வழி இது!

கணக்குப்பிள்ளை பதவி போன வருடம்

யு.டி.ஆர். பற்றி நிலம் வைத்திருக்கும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, ஆளுக்கொரு கதை இருக்கும். 1979ல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம். ஏக்கர் சென்ட்டெல்லாம் ஹெக்டேரும் அதில் நூறில் ஒன்றான ஏரும் ஆனது, செத்தவர் பெயர்களை எடுத்து அனுபவத்தில் இருப்பவர் பெயரைப் போட்டார்கள், உட்பிரிவுகளை உடைத்துப் புது எண் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்துக்கு அதே 1979ல் இன்னொரு மாற்றமும் வந்தது, கோயம்புத்தூரிலிருந்து ஈரோடு தனி மாவட்டமானது. ஆக, பழைய காகிதத்தில் ஜில்லாவும் வேறு, நம்பரும் வேறு, அளவும் வேறு.

இது நடந்துகொண்டிருக்கும்போதே, 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. பரம்பரையாக ஒரே குடும்பங்களில் இருந்த அதிகாரம் அது. அதனால் அடிபட்டவர்கள் நிறைய, போனதில் நியாயம் இருந்தது, உச்ச நீதிமன்றமும் 1982ல் சரியென்றே சொல்லிவிட்டது. எனக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் தேடுகிறவன் நிலையிலிருந்து பார்த்தால் விஷயம் கொஞ்சம் விசித்திரமாக இருக்கிறது. இட்டேரிக்காடு என்றால் எந்த எண், அந்த எண்ணில் யார் உழுகிறார், அவர் யார் மகன், ஊரில் கூப்பிடும் பெயருக்கும் பட்டாவில் இருக்கும் பெயருக்கும் என்ன சம்பந்தம், இத்தனைக்கும் விடை அவர் மண்டையில்தான் இருந்தது. எண்களையெல்லாம் மாற்றிக்கொண்டிருந்த அதே நேரத்தில் பழைய எண்ணை அறிந்தவர் வீட்டுக்குப் போய்விட்டார். புத்தகங்களை ஒப்படைத்துவிட்டுத்தான் போனார், ஆனால் புத்தகத்தைத் திறக்கும் சாவி அவரோடு போனது.

எங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளை வீட்டுக்கும் போனேன். பேரன் இருக்கிறார், கோபியில் மெடிக்கல் கடை. கைப்படியெல்லாம் வீடு இடித்துக் கட்டும்போது எடைக்குப் போட்டாயிற்று என்றார். போகிற போக்கில், "உங்க பெரியப்பா எங்க தாத்தாவைப் பத்தி ஊரெல்லாம் சொல்றது எங்களுக்கும் தெரியுங்க" என்றார். நான் காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது வில்லங்கம். இணையத்தில் 1975க்குப் பிந்தையதுதான் கிடைத்தது, அதில் அந்த எண்ணுக்கு ஒன்றும் இல்லை. அதற்கு முந்தையதைக் கையால்தான் தேட வேண்டும், அதுவும் எங்கள் ஊர் அந்தக் காலத்தில் சேர்ந்திருந்த பழைய சார்பதிவகத்தில். 20 கிலோமீட்டர் போய் 1955 முதல் 1975 வரை, 214/2பி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்து வந்தது: வில்லங்கம் ஏதும் இல்லை. பெரியப்பாவிடம் காட்டினேன். நாற்பது வருடக் கோபம் ஒரு நொடியில் சந்தோஷமானது. "பாத்தியா? வித்தும் குடுக்கல, எழுதியும் குடுக்கல. திருட்டுத்தான்." கையில் முத்திரை வைத்த காகிதம். எனக்கும் தர்க்கம் சரியாகத்தான் பட்டது. கோட்டாட்சியருக்கு மனு எழுத ஆரம்பித்தேன்.

அத்தை கேட்டது

மனுவில் குடும்ப விவரம் வேண்டுமே என்று அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, எந்த வருடம் இறந்தார் என்பதைக் கேட்கத்தான் அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தைக்கு 84. காது கொஞ்சம் மந்தம், மற்றபடி ஒன்றும் குறைவில்லை. முறத்தில் கடலைக்காய் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். திருட்டு, கணக்குப்பிள்ளை, வில்லங்கம் இல்லை என்ற காகிதம், எல்லாம் சொன்னேன். கடைசியில் உரிப்பதை நிறுத்திவிட்டு ஒன்று கேட்டார்.

"ஏன் கண்ணு, அவுங்க கெணத்துல நமக்கு முறைத்தண்ணி எப்படி வந்துச்சுன்னு உங்க பெரியப்பன் சொன்னானா?"

அந்தக் கிணறு எனக்குத் தெரியும். பங்காளி காட்டில், வட்டமாகக் கல் கட்டி, படி இறங்கும் பெரிய கிணறு. சின்ன வயதில் அப்பா கதை கதையாகச் சொல்லியிருக்கிறார்: நான்கு நாளைக்கு ஒரு நாள் நம் முறை, ராத்திரி கரண்ட் எப்போது வரும் என்று லாந்தரோடு காத்திருந்து வாய்க்கால் திருப்பப் போவது, மடையில் பாம்பு. அந்தத் தண்ணீரில்தான் எங்கள் ஓடைக்காட்டில் மஞ்சளும் கரும்பும் விளைந்தன, அந்த மஞ்சள் பணத்தில்தான் பெரியப்பா கல்யாணம் நடந்தது. இத்தனையும் எனக்குத் தெரியும். அடுத்தவன் கிணற்றில் நமக்கு ஏது முறை என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. யாருக்குமே தோன்றவில்லை.

"எப்பங்க அத்தை அது?"

"என் ரெண்டாவது புள்ளை வயித்துல இருந்து, பொறந்து, மூணு மாசம். தாய்வூட்டுலதான் இருந்தேன். ஐயன் வண்டி கட்டிக்கிட்டு ரெஜிஸ்தர் பண்ணப் போனாரு. வாரப்ப காராச்சேவு வாங்கிட்டு வந்தாரு. ஆவணி மாசம்."

அத்தை மகளின் பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழில் 1967 ஜூன் என்று இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து வாத்தியார்கள் பாதிப் பேருக்கு ஜூன் என்றே போட்டுவிடுவார்கள் என்பதால் (எங்கள் வீட்டிலேயே நாலு பேருக்கு ஒரே பிறந்தநாள்) முன்னே பின்னே ஒரு வருடம் வைத்துக்கொண்டேன். பெரியப்பா அப்போது ஊரில் இல்லை, கோயம்புத்தூரில் மில் வேலை. அப்பாவுக்கு எட்டோ ஒன்பதோ வயது. 1973ல் அப்பாரு போனபின்தான் பெரியப்பா ஊருக்குத் திரும்பினார். அவர் ஊர் வந்து சேர்ந்தபோது பட்டா, கிணறு எல்லாம் அப்படியப்படியே இருந்தன, யு.டி.ஆரில்தான் எண் உடைந்து இன்னொருவர் பெயரில் ஒரு துண்டு கண்ணில் பட்டது.

மறுபடி அந்தப் பழைய சார்பதிவகம். இந்தத் தடவை எண்ணைக் கொடுக்கவில்லை. 1908ஆம் வருடத்துப் பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்துப் பத்திரங்களுக்கு இரண்டு அட்டவணை உண்டு, ஒன்று ஆட்களின் பெயர் வழியாக, மற்றொன்று சொத்து வழியாக. வில்லங்கம் என்று நாம் வாங்குவது சொத்து வழி வருவது, அதற்கு எண் பொருந்த வேண்டும். 214/2பி என்ற எண் 1968ல் பிறக்கவே இல்லை, அப்போது மொத்தமும் 214/2. பிறக்காத எண்ணுக்கு எங்கிருந்து வில்லங்கம் வரும்? முத்திரை வைத்து எனக்குக் கொடுத்த காகிதம் பொய்யில்லை, நான் கேட்ட கேள்விதான் பொய். அசையாச் சொத்துப் பத்திரங்களைப் படியெடுத்து வைத்திருக்கும் 1ஆம் புத்தகமும் அதன் அட்டவணையும் கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு. இதைச் சொன்னதும் எழுத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பேர் அட்டவணை யாரும் கேக்கறதில்லீங்களே" என்றார். அப்புறம் அவரே ஏணி போட்டு எடுத்துக் கொடுத்தார். நல்ல மனுஷன்.

1967 ஒன்றும் இல்லை. 1968ல், அப்பாருவின் முதலெழுத்துக்குரிய பக்கத்தில், பதினாலாவது பெயர். அதன் எதிரே பத்திர எண்ணும் புத்தகப் பக்கமும். நகல் கையில் வர இன்னொரு வாரம்.

கீலக வருஷம் ஆவணி மாசம்

பரிவர்த்தனைப் பத்திரம். கீலக வருஷம் ஆவணி மாசம், கோயமுத்தூர் ஜில்லா என்று தொடங்குகிறது. யாரோ ஓர் எழுத்தர் முத்து முத்தாகப் படியெடுத்திருக்கிறார், நிறுத்தக்குறி என்ற ஒன்றே கிடையாது, ஒன்றரைப் பக்கம் ஒரே வாக்கியம். நம்மில் முதல் லக்கமிட்டவருக்குப் பாத்தியமான சர்வே 214/2 புஞ்சை ஏக்கர் 2.91ல் கிழக்கோரம் 38 சென்ட், இதற்குச் சக்குபந்தி: வடக்கே இட்டேரி, கிழக்கே ஓடை, தெற்கே பாழிக்குழி என்று வழங்கும் பூமி, மேற்கே இதில் நம்மில் முதல் லக்கமிட்டவர் நிறுத்திக்கொண்ட பாக்கி நிலம். ஊர் வாயில் இருக்கும் பெயர்கள் அரசாங்கக் காகிதத்தில் இருப்பதை முதல் தடவையாகப் பார்த்தேன். இட்டேரி, பாழிக்குழி. எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தாலும் அந்த நாலு எல்லையை வைத்து எங்கள் ஊர்க்காரர் எவரும் கண்ணை மூடிக்கொண்டு போய் நின்றுவிடுவார்.

அதற்குப் பதிலாக, பங்காளி வீட்டுக் கிணற்றில் நாலில் ஒரு பங்கும், அதில் நாலு நாளைக்கு ஒரு நாள் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைக்கும் பாத்தியமும், வாய்க்கால் கொண்டுபோகவும் ஆள், கால்நடை போய்வரவும் வழிநடைப் பாத்தியமும். இரண்டு பேரும் ஒப்பம். புத்தகப் படி என்பதால் ஒப்பமும் எழுத்தர் கையெழுத்தில்தான், அப்பாருவின் கை எப்படியிருக்கும் என்பது தெரியவில்லை. யு.டி.ஆர். அதிகாரிகள் செய்தது இந்தப் பத்திரத்தைப் பார்த்து ஓர் உட்பிரிவு உடைத்ததுதான். 38 சென்ட்டுக்கு 15.5 ஏர். கணக்குப்பிள்ளை சரியாகவே எழுதியிருந்தார்.

எங்கள் வீட்டில் நடந்தது என்ன என்று இப்போது புரிகிறது. நாங்கள் கொடுத்தது மண், அது கண்ணெதிரே கிடக்கிறது. வாங்கியது தண்ணீர், அது மஞ்சளாகவும் கரும்பாகவும் கல்யாணமாகவும் கரைந்துபோயிற்று. நான் ஏழாவது படிக்கும்போது சுற்றிலும் போர் போட்டு கிணறு வற்றியது. வற்றியதும் முறை நின்றது, முறை நின்றதும் அது எப்படி வந்தது என்ற ஞாபகமும் போனது.

ராஜஸ்தானில் 1994ல் கிராமம் கிராமமாகப் பந்தல் போட்டு, மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு கூலிப் பட்டியல்களை ஊர் முன்னால் சத்தமாகப் படித்தது. தகவல் உரிமைச் சட்டத்துக்கு வேர் அங்கேதான். பட்டியலைப் படித்தபோதுதான் செத்தவர்கள் பெயரில் கூலி போயிருப்பது தெரிந்தது. தெரியச் செய்தது அந்தக் காகிதம் மட்டுமில்லை, அவர் செத்துவிட்டாரே என்று கூட்டத்தில் எழுந்து சொன்னவர்களும்தான். இதை நான் எப்போதோ படித்திருக்கிறேன், அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கடலைக்காய் தின்றபோதுதான் உறைத்தது. பதினோரு மாதமும் நான் காகிதத்தை ஆட்களிடமிருந்து தூரமாகப் போய்த் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் 84 வயதில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். ஐந்து.

நகலை எடுத்துக்கொண்டு முதலில் பங்காளி வீட்டுக்குப் போனேன். ஏன் அங்கே முதலில் என்று தெரியவில்லை, பெரியப்பாவைப் பார்க்கத் தெம்பில்லாமல் இருக்கலாம். அந்த வீட்டு அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். வாசலில் என்னைப் பார்த்ததும் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்த கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். நகலைக் கொடுத்தேன். படிக்கக்கூட இல்லை, உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியிலிருந்து மஞ்சள் பையோடு வந்தார். அசல் பத்திரம். மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு கோயிலும் ஒரு அடிபம்பும்.

"இதைக் காட்டியிருக்கலாமேங்கண்ணா."

"யாரு தம்பி கேட்டா? உங்க பெரியப்பா எங்கய்யனைத் திருடன்னாரு. திருடன்கிட்ட யாராச்சும் பில்லு கேப்பாங்களா?"

டீ கொடுத்தார்கள். குடித்தேன். நாற்பது வருடத்தில் எங்கள் ஆள் அந்த வீட்டில் குடித்த முதல் டீ, சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

பெரியப்பா நகலை வாங்கி, கண்ணாடியைத் துடைத்து, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே மூன்று தடவை படித்தார். சக்குபந்தி வந்த இடத்தில் விரலை வைத்து நிறுத்தி, இட்டேரி இருக்கும் திசையைப் பார்த்தார். முதலில், "இது ஐயன் கையெழுத்து இல்லை" என்றார். அது படி எடுத்தவர் கையெழுத்து என்று விளக்கினேன். அப்புறம், "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அவரு" என்றார். 1973ல் இறந்தவரைப் பற்றிய புகார் அது, நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மா உள்ளேயிருந்து பால் பொங்கும் சத்தத்துக்கு ஓடினார். வெகுநேரம் கழித்து பெரியப்பா காகிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார்.

"அப்பிடின்னா அந்தக் கெணத்துல இன்னிக்கும் நமக்குக் கால் பங்கு இருக்குதா?"

"இருக்குதுங்க பெரியப்பா. பத்திரப்படி இருக்குது."

"போன வருஷம் ஆடு விழுகுதுன்னு மேல கம்பிவலை போட்டானுங்களே," என்றார், "அதுல நம்ம பங்கு எவ்வளவு ஆச்சுன்னு கேட்டுட்டு வா."

நான் இன்னும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன். பெரியப்பாவும் வருகிறேன் என்கிறார்.